வில்லன் என்பவன் யார்?

சென்ற தவணையில் ஒருநாள், ஆங்கில ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால், பத்தாந் தரத்து மாணவரின் ஆங்கிலப் பாடவேளையை நாம் பார்க்க நேர்ந்தது. நாம் தமிழ் கற்பிப்பவர். ஆகவே புதிதாக எதனையுங் கற்பிக்க முற்படாது, முன்னைய நாள் கரும்பலகையிலிருந்து மாணவர் தம் கொப்பிகளில் இறக்கிவைத்திருந்த சொற்பட்டியலை உரத்து வாசிக்கும்படி கூறினோம். ஒரு சொல், அதன் தமிழ்ப் பொருள், ஒத்தசொற்கள், எதிர்ச்சொல், அச்சொல்லை அமைத்து ஒரு வாக்கியம் என்பதே பட்டியலின் முறை. வரிசையில் 'வில்லன்' என்ற சொல் வந்தது. பொருள்: கொடியவன், கயவன். ஒத்தசொற்கள்: றாஸ்கல், நேவ், றோக், சேர்ல், பூர். எதிர்ச்சொல்: ஜென்டில்மன். வாக்கியம்: வில்லன் இறுதியில் தண்டிக்கப்பட்டான்.

"சேர், வில்லன் எண்டால் வில்லு வைச்சிருக்கிறவனோ?" என்று பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்புச் சிரித்தது. இல்லை, அது வில்லங்கத்திலிருந்து வந்தது என்றாள் ஒரு மாணவி. இரண்டும் பிழை. ஆயினும், ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் எண்ணம் அந்தப் பின் வாங்கு மாணவனுக்குத் தோன்றியது; பட்டியலை எழுதிக் கொடுத்தவருக்கோ, அதனை அச்சிட்ட துணைநூலின் ஆசிரியருக்கோ தோன்றவில்லை. அவனுக்கு அன்று கூறிய விடையையே சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம். அவ்விடை ஆசிரியர் அறையில் எமக்குச் சில கசப்பான சொற்களையும் ஈட்டித் தந்தது. அவற்றுக்கும் மறுமொழி கூறவேண்டியிருக்கின்றது.

இலத்தீன் மொழியில் 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணை வீட்டையும் அதனைச் சார்ந்த நிலத்தையுங் குறித்தது. அப்பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு மொழியின் வழியாக இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. 1086 இல் முதலாம் வில்லியத்தின் கட்டளைப்படி நாட்டின் நிலபுலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த டூம்ஸ்டே ஏட்டிலே, பதிவு பெற்றோருள் ஏறத்தாழப் பத்தில் நால்வர் இப்பெயராலேயே சுட்டப்பட்டனர். பதிவுபெற்ற பிரிவுகளுள் மிகப் பெரியது அதுவே. ஏர் பிடித்தவன், விதைத்தவன், அறுத்தவன், அரசனுக்கும் பிரபுவுக்கும் மடாலயத்துக்கும் சோறிட்டவன் எவனோ, அவனே வில்லன். அந்த ஏட்டில் அவன் எக்குற்றமுஞ் செய்தவனாகக் காணப்படவில்லை.

அவனுடைய வாழ்வு எத்தகையது? வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் சொந்த வயலிற் கூலியின்றி உழைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் உழைத்தல் வேண்டும். மகளை மணஞ்செய்து கொடுப்பதற்கும் பிரபுவுக்குப் பணங்கட்டி அனுமதி பெறுதல் வேண்டும். அவன் இறந்தால் அவனுடைய கால்நடைகளுட் சிறந்ததைப் பிரபு எடுத்துக்கொள்வான். பண்ணையை விட்டு நீங்கும் உரிமை அவனுக்கில்லை. தான் உழுத நிலத்தின்பொருட்டுப் பிரபுவுக்கு எதிராக அரசனின் நீதிமன்றத்தில் வழக்காடவும் இயலாது. அவன் அடிமையல்லன் என்று சட்டவறிஞர் நுணுக்கமாக வேறுபடுத்துவர். அந்த நுணுக்கத்தை அவன் முதுகு உணர்ந்திருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

இந்த உழவனுடைய பெயர்தான் படிப்படியாக இறங்கிற்று. முதலில் பண்ணைக் குடியானவன். அடுத்து, பண்பறியாத நாட்டுப்புறத்தான். அதன்பின், இழிந்த மனம் படைத்தவன். ஈற்றில், எக்கொடுமைக்கும் அஞ்சாத பாதகன். பதினான்காம் நூற்றாண்டளவிலேயே இழிவுப்பொருள் வேரூன்றிவிட்டது. அந்நூற்றாண்டு எத்தகைய நூற்றாண்டு என்பதையும் நோக்குதல் வேண்டும். 1348, 1349 ஆம் ஆண்டுகளிற் பெருங் கொள்ளைநோய் இங்கிலாந்தை வாரிக்கொண்டது. உழைப்பாளர் தொகை குறைந்தது; எஞ்சியோர் கூடிய கூலி கேட்டனர். 1349 இல் ஒரு கட்டளையும் 1351 இல் ஒரு சட்டமும் பிறந்தன. நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் எவனுங் கேட்கலாகாது, எவனுங் கொடுக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். அதன்மேல் தலைவரி வந்தது. 1381 இல் எசெக்ஸ், கென்ற் பகுதிகளின் குடியானவர் கிளர்ந்தெழுந்து இலண்டனுட் புகுந்தனர். பல ஊர்களில் அவர்கள் முதலிற் கைவைத்தது பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளில் என்பது எமக்குச் சுவைதரும் செய்தி. தம்மை 'வில்லன்' என்று எழுதிவைத்திருந்த தோற்சுருள்களை அவர்கள் தீயிலிட்டார்கள். எழுத்தறியாத மக்கள் எழுத்தின் வலிமையை எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர்!

யூன் 14 ஆந் திகதி, பதினான்கு வயது நிரம்பிய அரசன் இரண்டாம் றிச்சட் அவர்கள் கேட்ட விடுதலையை அளிப்பதாக வாக்களித்துப் பத்திரங்களும் வழங்கினான். மறுநாள் சிமித்ஃபீல்ட் வெளியில் வற் ரைலர் வெட்டுண்டார். பத்திரங்கள் பின்னர் செல்லாதனவாக்கப்பட்டன. யோன் போல் என்ற பாதிரியார் யூலையிற் கொல்லப்பட்டார். இவ்வெழுச்சியை எழுதிவைத்தவருள் ஒருவர் தோமஸ் வோல்சிங்கம். அவர் சென்ற் ஓல்பன்ஸ் மடாலயத்துத் துறவி. அம்மடாலயமே பெருநிலக்கிழார், அதன் குடியானவரே அவ்வாண்டில் அதற்கெதிராக எழுந்தனர். நிலக்கிழார் வீட்டு எழுதுகோல் குடியானவனை எவ்வாறு வருணித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். சொல்லின் பொருள் மாறியதற்கு இவ்வெழுச்சியே காரணம் என்று நாம் கூறவரவில்லை. மாற்றம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. எழுத்து எவர் கையில் இருந்தது என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம்.

ஏறத்தாழ 1599 இல் ஷேக்ஸ்பியர் எழுதிய 'அஸ் யூ லைக் இற்' நாடகத்தின் முதற் காட்சியில், மூத்தவன் தம்பியைப் பார்த்து இச்சொல்லால் ஏசுகின்றான். தம்பி, தான் அத்தகையவன் அல்லன் என மறுக்கின்றான். காரணமாக அவன் கூறுவது தன் நல்லொழுக்கத்தையன்று, தந்தையின் பெயரை! தமையன் பாதகன் என்ற பொருளில் ஏசினான். தம்பி பண்ணையாள் என்ற பொருளில் மறுத்தான். அக்காலத்துச் சபையினருக்கு இரண்டும் ஒருங்கே கேட்டிருக்கும். பின்னாளில் எழுத்துக்கூட்டலிலும் இரு சொற்களாக அவற்றைப் பிரித்துவிட்டனர். வரலாற்று மாணவன் ஓரெழுத்து வேறுபட்ட 'வில்லேன்' என்பதைப் பரீட்சைக்காகப் படிக்கின்றான். மற்றவர் 'வில்லன்' என்பதைப் படிக்கின்றனர். இருவரும் ஒருவரே என்பது இருசாராருக்குந் தெரிவதில்லை.

இனி அந்த ஒத்தசொற்களுக்கு வருவோம். 'சேர்ல்' என்பவன் நோர்மானியருக்கு முற்பட்ட ஆங்கிலேயச் சமுதாயத்திற் சுதந்திரமுள்ள எளிய குடிமகன். மேற்குச் சக்சன் சட்டங்களில் அவனைக் கொன்றவன் இருநூறு சில்லிங் ஈடு கொடுத்தல் வேண்டும். பிரபுவின் உயிருக்கோ ஆயிரத்திருநூறு. ஆறிலொரு பங்கு மதிப்பாயினும் மதிப்பு இருந்தது. பின்னர் அப்பெயரும் தாழ்ந்து, முரடன், அற்பன் என்றாயிற்று. 'பூர்' என்பது கமக்காரன். ஒல்லாந்து மொழியில் இன்றும் அதுவே பொருள். ஆங்கிலத்தில் அண்டை வீட்டானைக் குறிக்கும் 'நெய்பர்' என்ற இனிய சொல்லின் பின்பாதியும் இதன் உறவே. தனித்து நின்றபோது மட்டும் அது நாகரிகமற்றவன் என்றாகிவிட்டது. 'நேவ்' என்பது சிறுவன், பின் ஏவலாள், பின் வஞ்சகன். யேர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் சிறுவன் என்றே வழங்குகின்றது. 'றாஸ்கல்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்த கும்பல் என்ற சொல். ஏழைகள் பலராக ஓரிடத்திற் கூடினாற் பெறும் பெயர்.

'றோக்' சற்றுப் பிந்தியது. பதினாறாம் நூற்றாண்டில், செம்மறி வளர்ப்புக்காக வேலியடைக்கப்பட்ட நிலங்களிலிருந்து துரத்தப்பட்டுத் தெருவில் அலைந்த மக்களைக் குறிக்க அது வழங்கிற்று. 1572 ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகையோரைச் சவுக்கால் அடித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் காதைத் துளையிடலாம். 'மூலதனம்' முதற் றொகுதியில் மார்க்ஸ் இச்சட்டங்களை வரிசைப்படுத்தியிருப்பதை வாசகர் அறிவர். நிலத்தைப் பறித்தவனுக்குப் பட்டம் பதவி, பறிகொடுத்தவனுக்கு 'றோக்'.

உழவன், கமக்காரன், ஏவலாள், கும்பல், அகதி: இவை ஐந்தும் எவ்வாறு ஒத்தசொற்களாகும்? செய்த தொழிலாலோ வாழ்ந்த காலத்தாலோ இவர்களிடையே ஒப்புமை இல்லை. மாளிகையின் மேன்மாடத்திலிருந்து நோக்கும் ஒருவனுக்கு மட்டும் இவர்கள் எல்லோரும் ஒரே தோற்றமாகத் தெரிவர். அந்த மேன்மாடத்தின் பார்வையையே, ஒரு புள்ளிக்குரிய விடையாக, நாம் எம் மாணவருக்கு மனனஞ் செய்விக்கின்றோம்.

எதிர்ச்சொற்களோ இதற்கு மறுதலையாக ஏணியேறின. 'ஜென்டில்' என்பது முதலில் நற்குடிப் பிறந்த என்றே பொருள்பட்டது. மென்மையும் பண்பும் பின்னர் வந்து ஒட்டின. 'ஜெனரஸ்' என்றால் இன்று வள்ளன்மை. இலத்தீனில் அதுவும் உயர்குலப் பிறப்பே. 'நோபிள்' என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. 'லோர்ட்' என்பதன் பழைய வடிவத்தைப் பிரித்தால் அப்பத்தின் காவலன் என்று வரும். 'லேடி' என்பவள் அப்பத்துக்கு மாப்பிசைபவள். வேலையாளுக்கு ஒரு பழஞ் சட்டத்தில் வழங்கிய பெயர் அப்பந் தின்பவன்! கோதுமையை விளைவித்தவன் தின்பவனாயினான், பூட்டிவைத்தவன் காவலனாயினான். எமக்கு இந்த ஒரு சொல்லே ஒரு பொருளாதாரப் பாடநூல் போலத் தோன்றுகின்றது.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட நண்பரொருவர், ஆங்கிலம் நன்கு கற்றவர், ஆசிரியர் அறையில் எம்மைப் பார்த்துக் கூறினார்: சொற்களின் பொருள் மாறுவது இயற்கை, இன்று 'வில்லன்' என்று சொல்லும் எந்த ஆங்கிலேயனும் பண்ணையாளை நினைப்பதில்லை, பிறப்பைக் கிண்டி இதிலும் வர்க்கத்தைக் காண்பது உங்களைப் போன்றவர்களின் நோய்.

முதலிரு கூற்றுக்களையும் நாம் ஏற்கின்றோம். ஒரு சொல் தான் பிறந்த வீட்டில் இறுதிவரை இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயின் இயற்கையான மாற்றம் எத்திசையிலும் நிகழலாமன்றோ? உழைப்பவன் பெயர்கள் இத்தனை கீழ்நோக்கியும், உடையவன் பெயர்கள் இத்தனை மேல்நோக்கியும் செல்வானேன்? இதனைக் கண்டு கூறியவர் எம்மைப் போன்ற நோயாளர் மட்டுமல்லர். ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கற்பித்த சி. எஸ். லூயிஸ், ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றாளர், இடதுசாரி என்று எவருங் குற்றஞ்சாட்ட முடியாதவர். 1960 இல் வெளிவந்த தமது 'ஸ்ரடீஸ் இன் வேட்ஸ்' என்ற நூலில், சமூகநிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிப்பனவாக மாறும் போக்கினை அவரே தனியாகப் பெயரிட்டு விளக்கியுள்ளார். ஒரு நிலையினருக்குத் தகும் எனக் கருதப்பட்ட நடத்தையே அப்பெயருக்குப் பொருளாகிவிடுகின்றது என்பது அவர் காட்டும் வழி. நன்று. அவ்வாறாயின், வாரத்தில் மூன்று நாள் கூலியின்றி உழைத்தவனுக்குத் தகும் எனக் கருதப்பட்ட நடத்தை எது? வஞ்சகமும் கொடுமையுமா? அவ்வாறு கருதியவர் யாவர்? லூயிஸ் நிறுத்திய இடத்திலிருந்து இவ்வினாக்களைத் தொடுப்பது எமது கடமையாகின்றது.

விடைக்கு உதவுவதும் ஒரு சொல்லே. இன்று காமவெறியைக் குறிக்கும் 'லூட்' என்ற சொல், பழைய ஆங்கிலத்திற் குருத்துவம் பெறாத பாமரனைக் குறித்தது, பின்பு எழுத்தறியாதவனை, பின்பு கீழ்மகனை, இறுதியில் இன்றைய பொருளை. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனுக்குச் செய்த சிறப்பு இது. அகராதி தொகுப்போர் நேர்மையாளரே. ஏடுகளிற் கண்டதைத் தொகுத்தனர். ஏடுகளோ அரண்மனையிலும் மடத்திலும் நீதிமன்றத்திலும் எழுதப்பட்டவை. வில்லன் தன் பிரபுவை, மாலையில் ஏரை அவிழ்த்துவிட்டுக் குடிசையிலிருந்தபோது, எப்பெயரால் அழைத்திருப்பான்? அதற்கு எந்த அகராதியிலும் இடமில்லை. ஒரு வழக்கில் ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது போன்றதே எமது சொற்பட்டியல்.

தமிழ்த் திரைப்படம் இவ்வழக்கில் ஒரு வேடிக்கையான மறுதீர்ப்பை வழங்கியிருக்கின்றது. 1965 இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில், சொத்தை ஆள்பவராய், கையிற் சவுக்குடன் நிற்கும் நம்பியாரையே எம் மக்கள் 'வில்லன்' என்றனர். பெயரின் உண்மையான உரிமையாளன் அச்சவுக்கின் மறுமுனையில் நின்றவன். தாய்ச்சொல்லான 'வில்லா'வோ இன்று மேலும் உயர்ந்துவிட்டது. கொழும்பில் வீடு விற்போரின் விளம்பரங்களிலும், உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளின் வாயிலிலும் அது மின்னுகின்றது. மலையகத்தில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சிலவும் இன்று அத்தகைய விடுதிகளே. அவற்றுக்குச் சற்றுக் கீழே லயன்கள் இருக்கின்றன.

லயன்கள் என்றதும் அந்தப் பின் வாங்கு மாணவனைப் பற்றிக் கூறவேண்டியவராகின்றோம். எமது பாடசாலை வன்னியில் உள்ளது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே பல. அவனுடைய பாட்டனார் அவ்வாறு வந்தவர். தந்தையார் பிறருடைய வயல்களிற் கூலிக்கு வேலை செய்கின்றார். அப் பாடவேளைக்கு இரண்டு நாட்களின் பின் அவன் சக மாணவனொருவனை அடித்துவிட்டான் என்று விசாரணை நடந்தது. அடிபட்டவன் அவனை நெடுநாளாகத் 'தோட்டக்காட்டான்' என்று பட்டந் தெளித்து வந்தான். விசாரணைக் குறிப்பில் அடி பதிவாயிற்று, பட்டம் பதிவாகவில்லை. "அந்தத் தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்?" என்று அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். அவர் தீயவரல்லர். மாலையிற் சம்பளமின்றி வகுப்பு நடத்துபவர். அச்சொல் அவர் நாவில் எவ்விதத் தடையுமின்றி வந்தது என்பதே எம்மை நடுங்கச் செய்தது.

'தோட்டக்காட்டான்' என்பதை இலத்தீனில் எழுதிப் பாருங்கள். 'வில்லானுஸ்'! தோட்டத்தைச் சேர்ந்தவன், தோட்டத்தில் உழைப்பவன். இருவருடைய வாழ்வும் முற்றும் ஒத்ததென்று நாம் கூறோம். தோட்டத் தொழிலாளி சட்டத்தின்படி கூலி பெறுபவன். ஆனால் கடன் தீர்ந்தால் விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் மற்றொரு தோட்டத்திற் காலடி வைக்க இயலாதிருந்தவன். துண்டுமுறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின், 1948 இல் குடியுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் அம்மக்களிற் பெரும்பாலாரிடமிருந்து போயின. 1964 இல் இரு பிரதமர்கள் கூடி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணிப் பிரித்தனர். இறுதியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. இவ்வளவையும் இழைத்தவர்களுக்கு எமது பேச்சுமொழியில் எந்த வசைப்பெயரும் இல்லை. இழைக்கப்பட்டவனுக்கே இருக்கின்றது.

தமிழ் இவ்வகையில் ஆங்கிலத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. 'சண்டாளன்' என்ற வசையை நாம் எத்தனை கதைகளில், எத்தனை நாடகங்களில், முற்போக்காளர் எழுதியவற்றிலுங்கூட, கொடியவன் என்ற பொருளில் வாசித்திருக்கின்றோம்! அது தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட ஒரு மக்கட் பிரிவின் பெயர். தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் இந்நாட்டில் 1957 இல் வந்தது. அகராதிக்கு அச்சட்டம் எட்டவில்லை. அறுபதுகளில் ஈழத்து எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிற் கையாண்டபோது, பண்டிதர் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்றனர். மரபு பற்றி எழுந்த அப்பெரும் விவாதத்தில், வழக்கு எது என்பதைப் பற்றியே பெரும்பாலும் வாதாடினர். இழிசனர் யார், அவர்களுக்கு அப்பெயரை இட்டவர் யார் என்ற வினா இன்னும் கூர்மையாக எழுப்பப்பட்டிருக்கலாம். 'எண்டால்' என்றும் 'வைச்சிருக்கிறவனோ' என்றும் எம் மாணவன் கேட்ட வினா, அப்பண்டிதரின் செவியில் இழிசனர் வழக்காகவே விழுந்திருக்கும். வினா என்னவோ அவர்களுடையதைவிடக் கூர்மையானது.

இச்சொற்களை அகராதியிலிருந்து வெட்டியெறியும்படி நாம் கேட்கவில்லை. 1381 இன் குடியானவரைப் போல ஏடுகளைக் கொளுத்தும் எண்ணமும் இல்லை. அவர்களுக்கு அது தேவையாயிருந்தது. பொருளோடு அது வந்த வழியையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள் என்றே கேட்கின்றோம். பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பார்க்கு எம் அனுபவத்தைக் கூறுவோம். அந்த ஒரு சொல்லுக்குச் சென்றது இருபது நிமிடம். எஞ்சிய நேரத்திற் பட்டியல் முழுவதையும் முடித்தோம்.

விசாரணைக்கு அடுத்த வாரம் அம்மாணவன் தன் ஆங்கிலக் கொப்பியை எம்மிடங் கொண்டுவந்தான். 'வில்லன்' என்பதற்கு எதிரே கொடியவன், கயவன் என்றிருந்ததன் கீழே, பென்சிலால், 'தோட்டத்தில் வேலை செய்தவன்' என்று எழுதியிருந்தான். "சரியோ சேர்?" என்றான். சரி என்றோம். சாதாரணதரப் பரீட்சையில் அவ்வாறு எழுதினாற் புள்ளி கிடையாது என்பதையும் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது.